பதினைந்தரை இஞ்ச் கழுத்து

நான் தைத்த சட்டை காலர் பிடிக்கிறது என்று திரும்பி வந்தது. ஒன்றல்ல, ஆறு. ஆறும் ஒரே பையில், ஒரே ஆளிடமிருந்து, அதுவும் என் மச்சானிடமிருந்து.

இதில் எவ்வளவு பெரிய அவமானம் இருக்கிறது என்பது தையல்காரனுக்குத்தான் தெரியும். பேண்ட் இடுப்பு பிடித்தால் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். காலரில் அந்த வேலை நடக்காது. கழுத்து அவ்வளவு சீக்கிரம் மாறுகிற உறுப்பு அல்ல. முப்பத்தொரு வருஷமாக இந்தக் கடையில் ஆண்களுக்குச் சட்டை மட்டும்தான் தைக்கிறேன். எங்கள் தெருவில் மற்ற கடைக்காரர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயரே 'காலர்'. முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை, எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. ஸ்கேன் டாக்டர். அதிலும் கழுத்து ஸ்கேன். தைராய்டில் கட்டி இருக்கிறதா, இருந்தால் அது சாதுவா பொல்லாததா என்று திரையைப் பார்த்துச் சொல்வது அவன் வேலை. ஒரு நாளைக்கு முப்பது கழுத்து பார்ப்பான். நானும் கழுத்தை வைத்துப் பிழைக்கிறவன், அவனும் அப்படித்தான், அதனாலேயோ என்னவோ எங்களுக்குள் இருபது வருஷமாக ஒத்துப்போனதில்லை. தினமும் ஒரு தடவையாவது ஃபோனில் வம்பிழுக்காவிட்டால் இருவருக்கும் சாப்பாடு இறங்காது.

"மாமா, ஆறு சட்டையும் கழுத்தை நெரிக்குது. அக்கா ஏதாவது சொல்லி வச்சிருக்காளா?"

"பழைய அளவே போதும்னு நீதானே சொன்ன. நேர்ல வராம ஃபோன்லயே ஆர்டர் குடுத்தா இப்படித்தான்."

"நான் பழைய அளவுதான். உங்க டேப்புதான் சுருங்கிப் போச்சு. வயசாயிடுச்சுல்ல."

என்னைச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், டேப்பைச் சொல்லிவிட்டான். ஃபோனை வைத்துவிட்டு அளவு நோட்டைப் புரட்டினேன். கழுத்து பதினைந்தரை, எட்டு வருஷமாக அதே பதினைந்தரை. ஆறு காலரையும் மேஜையில் விரித்து அளந்தேன். ஒரு நூல்கூடக் கூடக்குறைய இல்லை. பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கும் அம்மாவைக் கூப்பிட்டு அவரையும் அளக்கச் சொன்னேன். அவரும் அளந்துவிட்டு, "உங்க மேல தப்பில்லண்ணே, அந்தத் தம்பிக்குத்தான் ஏதோ" என்றார். அப்போது அது எனக்கு ஆறுதலாக மட்டுமே இருந்தது.

சனிக்கிழமை காலை மச்சானைக் கடைக்கு வரவழைத்தேன். வராவிட்டால் ஆறு சட்டையையும் அவன் ஆஸ்பத்திரி வாசலில் தொங்கவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். சிரித்துக்கொண்டே வந்தான். வந்ததும் காஜா அம்மாவின் மூக்குக்கண்ணாடியைப் பற்றி ஒரு கேலி, என் தொப்பையைப் பற்றி ஒரு கேலி. வாய் மூடாத ஆள். அவனிடம் ஸ்கேனுக்குப் போகிறவர்கள் பாதிப் பயத்தை அவன் பேச்சிலேயே தொலைத்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அளக்க ஆரம்பித்தேன். மார்பு பழைய அளவு. இடுப்பு ஒரு இஞ்ச் குறைவு. மணிக்கட்டு அப்படியே. கழுத்தைச் சுற்றி டேப்பைப் போட்டேன், பதினாறு.

"பார்த்தியா, பதினாறு" என்றேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். என் டேப் ஜெயித்துவிட்டது.

காலர் சரிபார்ப்பதற்கு எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மேல் பட்டனைப் போட்டு, காலருக்குள் இரண்டு விரலை விட்டு, எச்சிலை முழுங்கச் சொல்வேன். முழுங்கும்போது துணி விரலை அழுத்தக் கூடாது. அவனுக்கும் அதையே செய்தேன்.

"முழுங்கு."

முழுங்கினான். என் வலது விரலுக்கு அடியில், குரல்வளைக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில் ஏதோ ஒன்று மேலே ஏறித் திரும்பக் கீழே இறங்கியது. ஆயிரக்கணக்கான கழுத்தில் விரல் வைத்திருக்கிறேன், இப்படி ஒன்று தட்டுப்பட்டதே இல்லை.

"இன்னொரு தடவை முழுங்கு."

இந்தத் தடவை அவன் முழுங்கவில்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தான். நோயாளிகளிடம் தினமும் முப்பது தடவை இதே வார்த்தையைச் சொல்கிறவன் அவன். என் கையை மெல்ல விலக்கிவிட்டு, தன் விரலை அங்கே வைத்து, தானாகவே முழுங்கிப் பார்த்தான். கடையில் அவன் பேசாமல் இருந்த முதல் நிமிஷம் அதுதான்.

"கொழுப்பு மாமா" என்றான் பிறகு. "அக்காகிட்ட சொல்லாதீங்க. சும்மா கத்துவா."

அன்றைக்குச் சாயங்காலமே ஃபோன் செய்தான்.

"பார்த்துட்டேன். ஒன்றரை சென்டிமீட்டர். தண்ணி கோத்த கட்டி, பரம சாது. ஊசிகூடக் குத்த வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தாப் போதும்."

"யார் பார்த்தது?"

"நானேதான். கழுத்து பார்க்கறதுல என்னைவிட நல்ல ஆள் இங்க யார் இருக்கா?"

அதுவும் உண்மைதானே என்று மனசு லேசாகிவிட்டது. ஆறு காலரையும் பிரித்துப் பதினாறுக்கு மாற்ற உட்கார்ந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு வாடிக்கையாளர், வெளியூர்க்காரர், தன் அளவைத் தானே எடுத்துத் தாளில் எழுதி அனுப்பியிருந்தார். மார்பு முப்பத்தாறு என்று இருந்தது. அவர் ஆளைப் பார்த்தால் நாற்பதுக்குக் குறையாது. எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. தன்னைத் தானே அளக்கிற ஆள் டேப்பில் உள்ள எண்ணைப் பார்க்கக் குனிவான், குனிந்தால் மார்பு உள்ளே போய்விடும். "தன் அளவைத் தானே எடுத்திருக்கார் மனுஷன்" என்று காஜா அம்மாவிடம் அலுத்துக்கொண்டே தாளை மடித்தேன்.

மடித்த தாள் கையிலேயே நின்றுவிட்டது. மச்சானும் தன் கழுத்தைத் தானேதான் அளந்திருக்கிறான். ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி எப்படிக் கழுத்தை அரை இஞ்ச் பெருக்கும்? வைத்தியம் எனக்குத் தெரியாது. ஆனால் சுற்றளவு தெரியும். கடையை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

ஸ்கேன் அறைக்கு வெளியே பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு பெரியவரைப் படுக்க வைத்து, தோளுக்கு அடியில் தலையணை கொடுத்து, தலை பின்னால் சாயும்படி செய்துகொண்டிருந்தான் மச்சான். "முகட்டைப் பாருங்கய்யா. ஓட்டை ஏதும் இருந்தா சொல்லுங்க, அடைச்சிடலாம்" என்றான். பெரியவர் சிரித்தார். அவர் வெளியே வந்ததும் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"உன்னை எப்படிப் பார்த்தேன்னு படுத்துக் காட்டு."

"மாமா, வெளியில பத்துப் பேர் இருக்காங்க."

"படுத்துக் காட்டு. அஞ்சு நிமிஷம்."

என் குரலில் என்ன இருந்ததோ, வாதாடாமல் படுத்தான். கருவியை வலது கையில் எடுத்துக் கழுத்தில் வைத்தான். திரை அவன் கால்மாட்டுப் பக்கம் இருந்தது. அதைப் பார்ப்பதற்காகத் தலையைத் தூக்கினான். தாடை கிட்டத்தட்ட மார்பைத் தொட்டது.

"அந்தப் பெரியவருக்குத் தலையணை வச்சு தலையைப் பின்னால சாய்ச்ச. உனக்கு மட்டும் ஏன் தலை தூக்கியிருக்கு?" என்று கேட்டேன்.

"திரையைப் பார்க்க வேண்டாமா?"

கேட்ட அந்த வாயாலேயே அவன் பதிலையும் கண்டுபிடித்துவிட்டான். அப்படியே கிடந்தான். கருவி மட்டும் கழுத்திலிருந்து வழுக்கி இறங்கியது.

"தலையைத் தூக்கினா, கட்டியோட கீழ்ப்பாதி காரை எலும்புக்குப் பின்னால போயிடும்" என்றான் மெதுவாக. "நான் மேல்பாதியை மட்டும் அளந்திருக்கேன் மாமா."

"வேற யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டிருக்கலாம்" என்றான். ஏன் கூப்பிடவில்லை என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பக்கத்து அறையில் ஒரு பெண் டாக்டர். கட்டியில் மெல்லிய ஊசி குத்தி, சில துளி செல் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது அவர் வேலை. ஊசி டாக்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மச்சானுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். இவன் 'ஊசி வேண்டாம்' என்பான், அவர் 'வேண்டும்' என்பார். அவரை நானே போய்க் கூட்டிவந்தேன்.

அவர் தோளுக்கு அடியில் தலையணையைத் திணித்தார், தலையைப் பின்னால் சாய்த்தார், கருவியை வைத்தார். கீழே, இன்னும் கீழே கொண்டுபோனார். மச்சான் முகட்டைப் பார்த்தபடி கிடந்தான்.

"திரையை இந்தப் பக்கம் திருப்புங்க."

"மாட்டேன்" என்றார் அவர். "இன்னைக்கு நீங்க டாக்டர் இல்ல."

"எவ்வளவு?"

"மூணு புள்ளி நாலு. கீழ்ப்பாதி கெட்டியா இருக்கு. ஓரம் சீரா இல்ல. உள்ளே வெள்ளைப் புள்ளி தெரியுது." கொஞ்சம் நிறுத்தி, "ஊசி வேணும் சார்" என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் அவரிடம் சரி என்றான்.

முடிவு வர நாலு நாள். அந்த நாலு நாளும் எங்கள் வீட்டில் நடந்ததுதான் வேடிக்கை. மனைவிக்குத் தெரியக் கூடாது என்று மச்சான் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். இவன் அம்மா போனபோது இவனுக்கு ஆறு வயசு, என் மனைவிக்குப் பதினாறு. அவள் வளர்த்த பிள்ளை. அவள் கலங்கிவிடுவாள் என்று அவனுக்குப் பயம். நானும் வாயைக் கட்டிக்கொண்டு நல்லபடியாக நடித்தேன். ஃபோன் வந்தால், "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா" என்றேன். அவனும், "சாப்பிட்டேன் மாமா, நீங்க சாப்பிட்டீங்களா" என்றான்.

மூன்றாம் நாள் என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன நடக்குது?"

"என்ன நடக்குது?"

"ரெண்டு பேரும் சண்டையே போடாம மூணு நாளாச்சு. அவன் உங்களைச் சாப்பிட்டீங்களான்னு கேட்கறான். இருபது வருஷத்துல ஒரு நாள் கேட்டிருக்கானா? என்னத்தை மறைக்கிறீங்க?"

சத்தியம் காற்றில் போயிற்று. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அடுப்பை அணைத்தாள், செருப்பை மாட்டினாள், நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏண்டா, பயமா?" என்று கேட்டாள் அவனைப் பார்த்ததும்.

"எனக்கென்னக்கா பயம். தினமும் பார்க்கறதுதானே. இது கட்டிகள்லயே ரொம்ப நல்ல ஜாதி. வெட்டி எடுத்தா தீர்ந்துச்சு" என்று அவளுக்கு வகுப்பே எடுக்க ஆரம்பித்துவிட்டான். எத்தனை வகை, எது மெதுவாக வளரும், எது பரவாது என்று விரல் விட்டு எண்ணினான். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, "சரி, இனிமே ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன்" என்றாள்.

நாலாம் நாள் முடிவு வந்தது. தைராய்டு புற்றுநோய், அவன் சொன்ன அந்த மெதுவான வகைதான். ஊசி டாக்டரே அழைத்து உட்கார வைத்துச் சொன்னார். கழுத்தில் வேறெங்கும் பரவின அடையாளம் இல்லை, தைராய்டில் வலது பாதியை மட்டும் எடுத்தால் போதும் என்றார் சர்ஜன். சர்ஜன் ஒரு குள்ளமான அம்மா, பேச்சு அளந்துதான் வரும்.

"ரெண்டு விஷயம் கவனமா பண்ணணும்" என்றார் எங்களிடம். "தைராய்டுக்குப் பின்னால அரிசி மாதிரி சின்னச் சுரப்பி இருக்கு, இந்தப் பக்கம் ரெண்டு. உடம்புல சுண்ணாம்புச்சத்தைக் கட்டுப்படுத்தறது அதுங்கதான், அதைக் காப்பாத்தணும். இன்னொண்ணு குரல் நரம்பு. கட்டியை ஒட்டியே போகுது. அதுல அடி பட்டா குரல் கம்மிடும், சில பேருக்குத் திரும்பாது. அப்படி ஆகறது அபூர்வம்தான். ஆனா சொல்ல வேண்டியது என் கடமை."

மச்சான் இதற்கும் ஒரு கேலி வைத்திருப்பான் என்று திரும்பிப் பார்த்தேன். அவன் மேஜையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சுதான் அவன் பாதி வைத்தியம். படுத்திருப்பவரைச் சிரிக்க வைக்க முடியாத ஸ்கேன் அறையில் அவன் என்ன செய்வான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆபரேஷன் அன்று காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது கையை மட்டும் ஆட்டினான். நானும் மனைவியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஊசி டாக்டர் வேலைக்கு நடுவே மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "இன்னைக்குன்னு பார்த்து எல்லாக் கட்டிக்கும் ஊசி வேணும்னு தோணுது. வேண்டாம்னு சொல்ல ஆள் இல்ல" என்றார். என் மனைவி அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

பத்தரை மணிக்கு சர்ஜன் முகமூடியைக் கீழே இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"முழுசா வந்துடுச்சு. உறைக்குள்ளேயே இருந்துச்சு, வெளியில எங்கயும் ஒட்டல. சின்னச் சுரப்பி ரெண்டும் பத்திரம். நரம்பைக் கண்ணால பார்த்தேன், நல்லா இருக்கு. குரலை மட்டும் காதால கேட்டாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும். முழு ரிப்போர்ட் அடுத்த வாரம் வரும்."

அந்த ரிப்போர்ட் ஒன்பதாம் நாள் வந்தது. ஓரங்கள் சுத்தம், பரவல் இல்லை, மேற்கொண்டு சிகிச்சை எதுவும் வேண்டாம், வருஷா வருஷம் ஸ்கேன் மட்டும் போதும் என்று இருந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு என்ன ஆயிற்றோ என்று நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டாம். ஆனால் அன்றைக்குப் பத்தரை மணிக்கு எங்களுக்கு அது தெரியாது.

மதியம் ஒரு மணிக்கு வார்டு நர்ஸ் எங்களைத் தேடி வந்தார்.

"அவர் முழிச்சு ஒரு மணி நேரம் ஆச்சுங்க. எதைக் கேட்டாலும் தலையைத்தான் ஆட்டறார். வலிக்குதான்னு கேட்டா கையைக் காட்டறார். பேர் சொல்லுங்கன்னா கண்ணை மூடிக்கறார். சர்ஜன் குரலைக் கேட்கணும். நீங்க வந்து கொஞ்சம் சொல்லுங்க."

கழுத்தில் சின்னதாக ஒரு வெள்ளைக் கட்டு. முகம் வெளுத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் சிரித்தான், உதடு மட்டும்தான் அசைந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. பேசிப் பார்க்காதவரை குரல் போகவில்லை. பேசினால் தெரிந்துவிடும். அதற்குத்தான் அவன் வாயைத் திறக்கவில்லை.

என் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பேசுடா."

இல்லை என்று தலையை ஆட்டினான்.

"போயிருந்தா போகட்டும். குரல் இல்லாட்டியும் நீ என் தம்பிதான். இருக்கா போச்சான்னு எனக்குத் தெரியணும், அவ்வளவுதான். பேசு."

நர்ஸ் குறிப்பு அட்டையோடு கால்மாட்டில் நின்றார். வாசலில் சர்ஜன் வந்து நின்றதை நான் மட்டும்தான் கவனித்தேன். மச்சான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் நிறைந்தது. வாயைத் திறந்தான்.

"அக்கா" என்றான்.

கொஞ்சம் வறண்டிருந்தது. ஆனால் அவன் குரல்தான், ஒரு குறையும் இல்லாத அதே குரல். வார்டில் நான்கு கட்டிலுக்கு அப்பால் இருந்தவருக்குக்கூடக் கேட்டிருக்கும்.

"சொல்லுடா."

"ரொம்பப் பயமா இருந்துச்சுக்கா. மாமா முழுங்கச் சொன்ன நிமிஷத்துலேருந்தே பயம். திரையில பார்க்கவும் பயம், இன்னொருத்தரைப் பார்க்கச் சொல்லவும் பயம். உன்கிட்ட சொல்லவும் பயம். நல்ல ஜாதின்னு விரல் விட்டு எண்ணினேன்ல, அப்பக்கூட உள்ளங்கை வேர்த்துச்சு. எத்தனை பேர்கிட்ட ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லியிருக்கேன். எனக்கு யாராவது சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு..."

சர்ஜன் ஒன்றும் கேட்காமல் வாசலிலிருந்தே திரும்பிப் போய்விட்டார். மச்சான் பேசிக்கொண்டே இருந்தான். இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்தது அத்தனையும் வந்தது.

"போதும் சார், தொண்டைக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்க" என்றார் நர்ஸ்.

"பேசட்டும் சிஸ்டர்" என்றாள் என் மனைவி. அவன் கையை விடாமல், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழ ஆரம்பித்தாள்.